பெயர்ப் பலகையும் பயணியும்: இந்திய நகரங்களில் உணவகப் பெயர்த்தொகைகளின் வரலாறு

1. முன்னுரை

அறியாத நகரம் ஒன்றில் வந்து இறங்கும் பயணி, உணவு உண்ணும் இடத்தைத் தேர்ந்துகொள்வதற்குச் சில அடையாளங்களை நாடுகிறார். ஊரறிந்தவர் சொல், வாயிலில் நிற்கும் கூட்டம், அடுப்படியிலிருந்து வரும் மணம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுள் மொழியாய்வுக்கு உரியது பெயர்ப் பலகை. இரண்டு அல்லது மூன்று சொற்களால் ஆன அப்பலகை மூன்று வினாக்களுக்கு விடை தர வேண்டியுள்ளது. உள்ளே சமைக்கப்படுவது என்ன? சமைப்பவர் யார்? உண்ணத் தகுதி பெற்றவர் யார்?

இன்றைய பயணிக்கு முதல் வினாவே முதன்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இந்திய நகரங்களுக்கு வந்த பயணிக்கோ இரண்டாம், மூன்றாம் வினாக்கள் அதனினும் முதன்மை பெற்றிருந்தன. 'பிராமணாள் காப்பி கிளப்', 'இந்து ஹோட்டல்', 'உடுப்பி ஹோட்டல்', 'மிலிட்டரி ஹோட்டல்' முதலிய பெயர்கள் இம்மூன்று வினாக்களுக்கும் ஒருசேர விடை கூற எழுந்தவை. இவை அனைத்தும் இலக்கண நோக்கில் தொகைநிலைத் தொடர்கள். தொகையில் வேற்றுமை உருபு மறைந்து நிற்கும். மறைந்தது எந்த உருபு என்பதை வாசிப்பவரே உய்த்துணர வேண்டும். அந்த மறைவே இப்பெயர்களின் சமூக வரலாற்றை விளக்கும் திறவுகோல் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. சோறு விற்கும் இடத்திற்குப் பெயர்

தமிழ் இலக்கிய மரபில் பயணியின் உணவு பற்றிய செய்திகளுக்குக் குறைவில்லை. பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழியில் எயினர், ஆயர், உழவர், அந்தணர், வலைஞர் ஆகியோர் இல்லங்களில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று நிரல்பட உரைக்கிறது. அங்கே உணவு விருந்தாக வருகிறது, விலைக்கு வருவதில்லை. விலைக்கு உணவுப் பண்டம் விற்பவரும் பழந்தமிழ் நகரங்களில் இருந்தனர். அப்பம் சுட்டு விற்பவரைக் 'கூவியர்' என மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் குறிக்கின்றன. எனினும் சிற்றுண்டி விற்பதும் சோறு விற்பதும் ஒரே நிலையில் வைத்து எண்ணப்படவில்லை. சமைத்த சோற்றை விலைக்கு விற்பதைத் தரும நூல் மரபு 'அன்ன விக்கிரயம்' என்று இழித்துரைத்தது.

வட இந்திய வழக்கில் இவ்வேறுபாடு 'பக்கா', 'கச்சா' என்னும் இணைச்சொற்களால் வெளிப்பட்டது. நெய்யில் பொரித்த பூரி, இனிப்பு முதலியவை பக்கா உணவு. நீரில் வெந்த சோறு, பருப்பு முதலியவை கச்சா உணவு. முன்னதைப் பலரிடமிருந்தும் பெறலாம். பின்னதைத் தன் சாதியாரிடமோ, தன்னினும் உயர்ந்தவராகக் கருதப்பட்டவரிடமோ மட்டுமே பெறலாம். ஹல்வாயியின் கடையில் பூரி வாங்கி உண்ட பயணி, சோற்றுக்குத் தன்னவரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

சத்திரம், தரும சாலை, சராய், முசாபர்கானா என்பன பயணிகளுக்கென எழுந்த இடங்களின் பழைய பெயர்கள். இவற்றுள் முதலிரண்டு அறத்தோடும், பின்னிரண்டு தங்கலோடும் தொடர்புடையவை. விலைக்குச் சோறு தரும் இடத்தைச் சுட்ட மதிப்புடைய உள்நாட்டுச் சொல் எளிதில் அமையவில்லை. 1853இல் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், நீதிமன்றத்திற்கும் அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் ஆலைக்கும் வந்து சேர்ந்தோர் தொகை பெருகியது. விருந்தளிக்க உறவினர் இல்லாத நகரத்தில் உணவு விலைப்பொருளாவது தவிர்க்க இயலாததாயிற்று. அந்நிலையில் பல இந்திய மொழிகள் கடன்சொற்களை நாடின.

ஆங்கிலத்தில் தங்கும் விடுதியைக் குறித்த 'ஹோட்டல்' தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், மராத்தி, வங்காளம் முதலிய மொழிகளில் உணவு விற்கும் இடத்தையும் குறித்தது. அவற்றுள் பலவற்றில் அதுவே முதற்பொருளாயிற்று. உறுப்பினர் கூடும் இடமாகிய 'கிளப்', காப்பிக் கடைக்குப் பெயராயிற்று. தமிழில் அது 'கிளப்புக்கடை' என்று உள்நாட்டுச் சொல்லோடு சேர்ந்தும் வழங்கியது. பம்பாய்க் கால்பாதேவியில் குசராத்தி உணவுக்குப் பெயர்பெற்ற 'பிரண்ட்ஸ் யூனியன் ஜோஷி கிளப்' என்னும் உணவகத்தின் பெயரில் அதே சொல் உள்ளது. படை அலுவலர் உணவறையாகிய 'மெஸ்', மாணவரும் எழுத்தரும் மாதக் கட்டணத்தில் உண்ணும் இடமாயிற்று. நண்பகல் சிற்றுணவைக் குறித்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லாகிய 'டிபன்', காலையும் மாலையும் உண்ணும் இட்டலி, தோசை ஆகியவற்றின் பொதுப்பெயராயிற்று.

இக்கடன்சொற்கள் பொருள் மாறியதைப் பிழையான ஆட்சி என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. உள்நாட்டுச் சொல்லில் ஒட்டியிருந்த இழிவு கடன்சொல்லில் இல்லை. சோறு விற்பவர் என்னும் பெயரை ஏற்கத் தயங்கியவர் ஹோட்டல் நடத்துபவர் என்னும் பெயரை ஏற்க இயன்றது. 'கிளப்' என்னும் சொல்லோ தன்னவர் கூடும் இடம் என்னும் குறிப்பையும் உடன் தந்தது.

3. தொகைக்குள் மறைந்த உருபு

கடன்சொல் இடத்திற்குப் பெயர் தந்தது. அதன் முன் நின்ற அடைச்சொல் வேலியாயிற்று. 'பிராமணாள் ஹோட்டல்' என்பதை இருவகையாக விரிக்கலாம். 'பிராமணாளுக்கு உரிய ஹோட்டல்' என விரித்தால் அது நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'பிராமணாளால் நடத்தப்படும் ஹோட்டல்' என விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. முன்னது உண்பவரைச் சுட்டுகிறது. பின்னது சமைப்பவரையோ உடையவரையோ சுட்டுகிறது. பொருள் மயங்கும் தொகைகள் இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்பட விரியும் என்பது நன்னூலார் கருத்து. உணவகப் பெயர்களில் இம்மயக்கம் இலக்கண நுட்பமாக மட்டும் நின்றுவிடவில்லை; வாயிலில் நின்ற பயணியின் அனுமதியை முடிவு செய்தது.

'பிராமணாள்' என்னும் வடிவமும் கருதத்தக்கது. 'அவாள்', 'இவாள்' என்பவற்றைப் போல 'ஆள்' ஈறு பெற்ற இவ்வடிவம் பிராமணர் பேச்சுவழக்குக்கு உரியது. பொதுத்தமிழ் எழுத்து வழக்கில் 'பிராமணர்' என்றே வரும். பொதுத்தெருவில் தொங்கிய பலகை ஒரு வகுப்பாரின் வீட்டு வழக்கில் எழுதப்பட்டதால், யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை அப்பலகை தன் ஈற்றிலேயே உணர்த்திவிட்டது.

வங்காளத்தில் 'இந்து ஹோட்டல்' என்னும் தொகை பெருவழக்குப் பெற்றது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 1940ஆம் ஆண்டு நாவலான 'ஆதர்ச இந்து ஹோட்டல்' இரயில் சந்திப்பு ஊராகிய ராணாகாட்டைக் களமாகக் கொண்டு, தனக்கெனச் சொந்த ஹோட்டல் வேண்டும் எனக் கனவு காணும் பிராமணச் சமையற்காரர் ஒருவரின் கதையைக் கூறுகிறது. இரயிலிலிருந்து இறங்கும் பயணியைத் தம் கடைக்கு ஈர்ப்பதில் ஹோட்டல்காரர்களிடையே நிலவிய போட்டி அந்நாவலில் இடம்பெறுகிறது. தலைப்பில் உள்ள 'இந்து' உண்பவரைக் குறிக்கிறதா, சமைப்பவரைக் குறிக்கிறதா என்னும் வினாவுக்கு அக்காலப் பயணி இரண்டையும் என்றே விடை கூறியிருப்பார். இரயில் நிலையங்களிலும் இதே பிரிவினை நிலவியது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே உணவறைகளும் 'இந்து பானி', 'முசல்மான் பானி' என்னும் தனித்தனிக் குடிநீரும் இருந்தன. தென்னிந்திய இரயில் நிலைய உணவறைகளில் பிராமணர், பிறர் என்னும் பாகுபாடும் இருந்தது. எதிர்ப்புக் கிளர்ச்சிகளுக்குப் பின் 1941இல் அது நீக்கப்பட்டது.

மறைந்த உருபு பயணியை எந்நிலைக்கு உள்ளாக்கியது என்பதற்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தன்வரலாற்றுக் குறிப்பு சான்றாகிறது. 1930களில் எழுதப்பெற்று, 1990இல் நூலாக வெளிவந்த அக்குறிப்பில் அவர் பரோடாவுக்குச் சென்றதை நினைவுகூர்கிறார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிப் பரோடா அரசின் பணியில் சேர 1917இல் அந்நகரை அடைந்த அவர்முன் நின்ற முதல் வினா, எங்கே போவது என்பதே. அங்கே 'வீசி' எனப்படும் இந்து விடுதிகள் இருப்பது அவருக்குத் தெரியும். தம்மை அங்கே ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும். வேறொருவராக நடித்துச் செல்வதே வழி. உண்மை வெளிப்பட்டால் நேர்வதையும் அவர் எண்ணிப் பார்த்தார். முடிவில் பார்சி விடுதி ஒன்றில், பொறுப்பாளரின் உடன்பாட்டுடன், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த பார்சியர் கூட்டம் ஒன்று அவரை வெளியேறச் செய்தது.

'வீசி' என்னும் குசராத்திச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் உணவும் உறையுளும் அளிக்கும் விடுதி என்பதே. அவ்விளக்கத்தில் யாருக்கு என்னும் கூறு இல்லை. பயணி அக்கூறை அகராதியின்றியே அறிந்திருந்தார். பார்சி விடுதியிலும் தொகையின் மறைந்த பொருள் இறுதியில் நான்காம் வேற்றுமையாகவே நின்றது. சொல்லில் எழுதப்படாத பொருள் வழக்கில் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

4. சாதிப்பெயருக்கு ஈடாக ஊர்ப்பெயர்

இரண்டாம் வினாவுக்கு, அதாவது சமைப்பவர் யார் என்பதற்கு, சாதிப்பெயரைக் கூறாமல் விடையளிக்கும் வழியும் உருவாயிற்று. 'உடுப்பி' அவ்வகைப் பெயர்களுள் தலையாயது. தென் கன்னடக் கடற்கரையின் கோயில் நகரமாகிய உடுப்பியிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் சென்ற சமையற்கலைஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை, பெங்களூர், மைசூர், பம்பாய் ஆகிய நகரங்களில் உணவகங்களைத் தொடங்கினர். சென்னையில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாசையும் பின்னர் உட்லண்ட்ஸ் உணவகங்களையும் நடத்திய கே. கிருஷ்ணராவ், பம்பாய் மாதுங்காவில் 1942இல் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கிய ஏ. ராம நாயக் ஆகியோர் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர்கள். ஊர்ப்பெயரோடு அவ்வூர்த் தெய்வமாகிய கிருஷ்ணனின் பெயரும் இணைந்தபோது, சமைப்பவரின் சாதியும் உணவின் தன்மையும் ஒரு சாதிச்சொல்லும் இன்றியே பயணிக்குப் புலப்பட்டன.

ஊர்ப்பெயருக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. சாதிப்பெயரை நான்காம் வேற்றுமையாக விரிக்க இயலும். உடுப்பியாருக்கு மட்டும் உரியது என 'உடுப்பி ஹோட்டலை' எவரும் விரிப்பதில்லை. எனவே அது காலப்போக்கில் உடுப்பியோடு தொடர்பற்ற கடைகளுக்கும் பொருந்தி, தென்னிந்தியச் சைவச் சிற்றுண்டிக் கடை என்னும் பொதுப்பெயராகப் பொருள் விரிந்தது. பம்பாயில் உடுப்பி ஹோட்டல் என்பது இன்று ஓர் உணவக வகையின் பெயர். அங்கே பஞ்சாபி உணவும் சீன உணவும் கிடைப்பது பெயருக்கு முரணாகக் கருதப்படுவதில்லை.

பம்பாயிலும் ஹைதராபாத்திலும் வழங்கிய 'இரானி' என்னும் பெயர் இதற்கு ஒப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானிலிருந்து குடியேறியவர்கள் நடத்திய தேநீர்க் கடைகள் எல்லாச் சமூகத்தவரும் அமரும் இடங்களாக வளர்ந்தன. 1904இல் தொடங்கிய கயானி, 1923இல் தொடங்கிய பிரிட்டானியா ஆகியவை பம்பாயில் இவ்வகையைச் சேர்ந்தவை. 'இரானி' என்பது உடையவரை மட்டுமே குறித்தது. சாதி அமைப்புக்கு வெளியே நின்ற உடையவரின் பெயர், எவர்க்கும் உரிய இடம் என்னும் குறிப்பைப் பெற்றது.

பெங்களூரின் 'மிலிட்டரி ஹோட்டல்' புலால் உணவைக் குறிக்கும் பெயர். படைவீரர்களுக்காக எழுந்தது என்று சிலரும், படைவீரர் உண்பது போன்ற உணவு கிடைக்கும் இடம் என்று சிலரும் இப்பெயருக்கு விளக்கம் கூறுவர். முதல் விளக்கத்தின்படி அது நான்காம் வேற்றுமைத் தொகை, இரண்டாவதன்படி உவமைத்தொகை. மராத்திய மரபினர் நடத்திய கடைகள் இதில் சிறப்பிடம் பெற்றன. புலால் உணவகத்திற்கு எதிர்மறைச் சொல்லின்றி நேரான பெயர் தந்த அரிய வழக்கு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியிலிருந்து பரவிய 'முனியாண்டி விலாஸ்' என்பதும் அத்தகையதே. அங்கே ஊர்க்காவல் தெய்வத்தின் பெயரே புலால் உணவுக்கு அடையாளமாயிற்று.

கல்கத்தாவின் 'பைஸ் ஹோட்டல்' விலையால் பெயர் பெற்றது. ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்றிருந்த பழைய நாணயக் கணக்கில், சோறு, பருப்பு, மீன், காய் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சில பைசா என விலை குறிக்கப்பட்ட எளிய உணவகம் அது. பயணியின் பை நிலையை நோக்கிப் பேசும் இப்பெயர், 1957இல் பதின்ம நாணய முறை வந்த பின்னும் நிலைத்தது. கல்கத்தாவின் பெயர்பெற்ற பைஸ் ஹோட்டல்களுள் ஒன்று நாட்டு விடுதலைக்குப் பின் 'சுவாதீன் பாரத் இந்து ஹோட்டல்' எனப் பெயர் நீட்டிக்கொண்டது. விடுதலை பெற்ற நாட்டின் பெயரும் பழைய வேலிச்சொல்லும் அப்பலகையில் அருகருகே இடம்பெற்றன.

பம்பாயின் ஆலைப்பகுதியில் 'கானாவள்' எனப்படும் உணவிடங்கள் பலகையின்றியே இயங்கின. கிராமங்களிலிருந்து தனியராக வந்த ஆலைத் தொழிலாளர்களுக்குத் தம் வீட்டிலேயே சமைத்து மாதக் கணக்கில் உணவளித்தவர்களுள் பெருந்தொகையினர் பெண்கள். 1975இல் பிரேமா புரவ் முன்னின்று அமைத்த அன்னபூர்ணா மகிளா மண்டல் இப்பெண்களை ஒன்றுதிரட்டியது. பெயர்ப் பலகைகளை மட்டும் கொண்டு உணவகப் பெயர் வரலாற்றை எழுதுவோர், உறவாலும் ஊர்த்தொடர்பாலும் மட்டுமே அறியப்பட்ட இவ்விடங்களைத் தவறவிட நேரும்.

5. சைவமும் வைஷ்ணவமும்

என்ன சமைக்கப்படுகிறது என்னும் முதல் வினாவுக்குரிய சொற்களும் சமயப்பெயர்களிலிருந்தே பிறந்துள்ளன. தமிழில் சிவநெறியைக் குறிக்கும் 'சைவம்' புலால் நீக்கிய உணவையும் குறிக்கிறது. வேளாளருள் சைவ நெறியினர் கடைப்பிடித்த உணவு ஒழுக்கம் இப்பொருள் விரிவுக்கு அடிப்படை எனலாம். அதன் எதிர்மறையாகிய 'அசைவம்', சமயப்பொருளை முற்றிலும் கைவிட்டுப் புலால் உணவையே குறிக்கிறது. பஞ்சாபிலும் இந்தி வழங்கும் பகுதிகளிலும் இதே இடத்தில் 'வைஷ்ணவ்' அல்லது 'வைஷ்ணோ' நிற்கிறது. 'வைஷ்ணோ டாபா' என்னும் பலகை புலால் சமைக்காத கடையைச் சுட்டும்.

தமிழ் வைணவர் ஒருவர் சென்னையில் சைவ உணவகத்தைத் தேடுகிறார். பஞ்சாபுக்குச் செல்லும் தமிழ்ச் சைவர் ஒருவர் வைஷ்ணோ டாபாவைத் தேடுகிறார். சமயப் பொருளில் முரண்போலத் தோன்றும் இது, உணவுப் பொருளில் முரணன்று. அந்தந்த வட்டாரத்தில் புலால் நீக்கலோடு எந்த நெறி இயைத்து எண்ணப்பட்டதோ அதன் பெயரே உணவின் பெயராயிற்று. பொருள் மாற்றம் மொழிக்கு உள்ளே மட்டும் நிகழ்வதன்று என்பதையும், அவ்வட்டாரத்தின் சமூகத் தலைமையைப் பின்பற்றிச் செல்வது என்பதையும் இவ்விணை காட்டுகிறது.

'சுத்த சைவம்', 'சுத்த சாகாஹாரி', 'பியூர் வெஜ்' ஆகிய பலகைத் தொடர்களில் உள்ள 'சுத்தம்' மேலும் ஆய்வுக்குரியது. வெளிப்படையாக அது கலப்பின்மையைக் குறிக்கிறது. புலால் சமைக்கும் பாத்திரமும் அடுப்பும் அங்கே இல்லை என்பது பொருள். ஆயினும் சுத்தம், தீட்டு என்னும் எதிர்வில் நெடுங்காலம் வழங்கிய சொல் அது. உணவைத் தழுவும் அடைமொழி உண்பவரையும் சமைப்பவரையும் தழுவும் வாய்ப்பு அதில் எஞ்சியுள்ளது. அடைக்கப்பட்ட உணவுப் பொருள்களில் சைவத்தைக் காட்டும் பச்சைக் குறி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அக்குறி உணவின் மூலப்பொருளை மட்டும் சுட்டுவது. சொல் சுமக்கும் பிற குறிப்புகள் அதற்கு இல்லை.

6. சட்டமும் பலகையும்

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் முதலியவற்றில் நுழைவதற்கு எந்தக் குடிமகனுக்கும் தடை இருத்தலாகாது எனக் கூறுகிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. உணவகம், ஹோட்டல், தரும சாலை, சராய், முசாபர்கானா ஆகிய இடங்களில் பொதுமக்களுக்கென வைக்கப்பட்ட பாத்திரங்களைத் தீண்டாமையின் பேரால் ஒருவர் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் அது குற்றமாக்கியது. பழைய பயணியர் இடங்களின் பெயர்கள் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருப்பது சட்டமொழியில் காணக்கூடிய சிறு வரலாற்றுச் சுருக்கம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சட்டம் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. சட்டம் வந்த பின்னும் ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை தொடர்ந்தது என்பது, பலகையில் எழுதாமலும் வேலி நிற்கும் என்பதற்குச் சான்று.

சட்டம் நான்காம் வேற்றுமை விரிவைத் தடை செய்தது. மூன்றாம் வேற்றுமை விரிவு தடைக்கு வெளியே நின்றது. 'பிராமணாள்' என்னும் சொல் சமைப்பவரையும் சைவ உணவையும் மட்டுமே குறிக்கிறது என்னும் வாதம் இவ்விடைவெளியில் எழுந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையில் இருந்த அச்சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் தொடங்கிய கிளர்ச்சி 1958 வரை தொடர்ந்து, அச்சொல் நீக்கப்பட்டதும் முடிவுற்றது. ஒருவரை மட்டும் ஓர் உயர்வுச்சொல்லால் தனித்துக் குறித்தால், குறிக்கப்படாத பிறர் அனைவரும் தாழ்ந்தோர் எனக் குறிப்பால் சொல்லப்படுகிறார்கள் என்பது அக்கிளர்ச்சியின் மைய வாதம். சொற்பொருளின் அளவில் எதிர்த்தரப்பு நின்றது. பயன்பாட்டுக் குறிப்பின் அளவில் கிளர்ச்சியாளர் நின்றனர். பின்னாளில் மொழியியலார் குறிப்புப்பொருள் என விரித்துரைத்த கருத்து, அதற்கு முன்பே ஒரு தெருவின் பலகையை முன்னிட்டு விவாதிக்கப்பட்டது. 2012இல் திருவரங்கத்தில் அதே சொல்லைப் பெயரில் கொண்ட உணவகம் ஒன்று எதிர்ப்புக்கு உள்ளானபோதும் வாதங்கள் பெரிதும் மாறவில்லை.

பெங்களூரில் மாற்றம் வேறு வகையில் நிகழ்ந்தது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த மய்யா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய 'பிராமின் காப்பி கிளப்', 1960இல் லால்பாக் சாலைக்கு இடம் மாறியபோது 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' எனப் பெயர் பெற்றது. சாதிப்பெயர் நின்ற இடத்தில் பேட்டையின் பெயர் அமர்ந்தது. 'கிளப்' நீங்கி 'டிபன் ரூம்ஸ்' வந்தது. உடையவர், சமையல், சுவை ஆகியவை தொடர்ந்தன. அதே நகரின் சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கப்பெற்ற 'பிராமின்ஸ் காப்பி பார்' சாதிப்பெயரைத் தாங்கியபடியே எல்லாரும் நின்று உண்ணும் சிற்றுண்டிக் கடையாக விளங்கியது. ஒரே நகரில் ஒரு கடை சொல்லைக் கைவிட்டது. மற்றொரு கடையில் சொல் நின்று வேலி நீங்கியது. 1980களில் பரவிய 'தர்ஷினி' வகைக் கடைகள், இருக்கையும் தனியறையும் இன்றி, அடுப்படி கண்ணுக்குத் தெரிய, யாரும் யாரருகிலும் நின்று உண்ணும் முறையை வழக்கமாக்கின. 'காட்டுவது' எனப் பொருள்படும் அப்பெயரில் சமைப்பவரும் இல்லை, உண்பவரும் இல்லை.

பலகை பற்றிய வினா இத்துடன் முடிந்துவிடவில்லை. 2024 சூலையில் உத்தரப்பிரதேசத்தில் காவடி யாத்திரை செல்லும் வழியில் உள்ள உணவுக் கடைகள் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று காவல்துறை பணித்தது. சூலை 22இல் உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எவ்வகை உணவு விற்கப்படுகிறது என்பதைக் காட்டுமாறு கடைக்காரரைக் கேட்கலாம். உரிமையாளர், பணியாளர் பெயரைக் காட்டுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது அவ்வாணையின் சாரம். முன்னுரையில் கூறிய மூன்று வினாக்களுள் முதலாவதைப் பலகையில் நிறுத்தி, இரண்டாவதைக் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்ட பிரிப்பு இது. மூன்றாவது வினா 1950லேயே பலகையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. இரண்டாவதைக் கட்டாயமாக்கினால் விலக்கப்பட்ட மூன்றாவது அதன் வழியே மீளும் என்னும் அச்சமே வழக்கின் உள்ளீடு.

7. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

இவ்வரலாற்றிலிருந்து மொழிபெயர்ப்புப் பணிக்குச் சில செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்திய மொழிப் புனைகதையில் வரும் 'ஹோட்டல்' ஆங்கில ஹோட்டலுக்கு நிகரன்று. 'ஹோட்டலுக்குப் போனான்' என்னும் எளிய தொடரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால், உண்ணச் சென்றவன் தங்கச் சென்றவனாகிவிடுவான். அரசமைப்பு உணவகத்தையும் ஹோட்டலையும் தனித்தனியே எண்ணுவதால், சட்டத்தைத் தமிழாக்குவோர் பொதுவழக்கு மறைத்த வேறுபாட்டை மீட்டுத்தர வேண்டியுள்ளது.

இரண்டாவது, 'சைவ ஹோட்டல்', 'வைஷ்ணோ டாபா' ஆகியவற்றைச் சமயச்சொல் கொண்டு பெயர்ப்பது பிழை. அச்சமயச்சொல்லை முற்றிலும் துடைத்துவிடுவதும் இழப்பு. இடத்திற்கேற்ப உணவுப்பொருளை முன்னிறுத்தி, சமயக்குறிப்பைப் பிறிதோர் இடத்தில் உணர்த்துதல் தகும்.

மூன்றாவதே கடினமானது. இந்திய மொழித் தொகைகளை ஆங்கிலத்திற்கோ, உருபு வெளிப்பட வேண்டிய பிற மொழிக்கோ கொண்டுசெல்லும்போது மறைந்த உருபை வெளிப்படுத்த நேரும். 'இந்துக்களுக்கான ஹோட்டல்' என்றோ 'இந்துக்கள் நடத்தும் ஹோட்டல்' என்றோ எழுதும் கணத்திலேயே மொழிபெயர்ப்பாளர் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தவராகிறார். 1940ஆம் ஆண்டு நாவலில் இரு பொருளும் சேர்ந்தே நின்றன. 1960க்குப் பிந்திய கதையில் அதே தொடர் சமையல் முறையை மட்டும் குறிக்கலாம். எனவே உருபைத் தெரிந்தெடுக்குமுன் ஆண்டையும் ஊரையும் அறிவது இன்றியமையாதது. ஐயம் நீங்காவிடில் தொகையைத் தொகையாகவே விடுதல் மேல்.

8. முடிவுரை

இந்திய நகரங்களின் உணவகப் பெயர்கள், சோறு விற்பதில் இருந்த தயக்கத்தைக் கடன்சொல்லால் கடந்தன. சாதி வேலியைத் தொகையின் மறைவில் வைத்தன. சட்டமும் கிளர்ச்சியும் அம்மறைவை வினவியபோது ஊர்ப்பெயருக்கும் உணவின் பெயருக்கும் நகர்ந்தன. இந்நகர்வு எங்கும் முழுமையாக நிகழ்ந்துவிடவில்லை. பரோடாவில் 1917இல் ஒரு பயணி வீசிகளின் பக்கம் செல்லாமலே திரும்பியதற்குக் காரணமான பொருள் எந்த அகராதியிலும் பதிவாகவில்லை. வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுப்போர் உணவகப் பெயர்ச்சொற்களுக்குப் பொருள் எழுதும்போது, எத்தகைய இடம் என்பதோடு, எந்தக் காலத்தில் எவர்க்கு அது திறந்திருந்தது என்னும் குறிப்பையும் சேர்ப்பார்களாயின், அச்சொற்களின் வரலாறு நிறைவுபெறும்.